உப்பைப் பார்த்துக் குப்பையைக் குற்றம் சொல்லலாமா? குப்பைக் கிடங்கு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் பக்கத்துப் புலாவ் பூரோங் குப்பைக் கிடங்கும் சரி, பினாங்குத் தீவில் இருக்கும் ஜெலுத்தோங் கிடங்கும் சரி, இரண்டுமே கடலோரம். பாடநூலில் இருக்கும் ஆய்வுமுறையை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்கினால் முடிவு தவறாகத்தான் வரும்.

அடிக்கடி நடப்பது இது. கிடங்கைச் சுற்றி நிலத்தடி நீரைச் சோதிக்கத் தோண்டிய கண்காணிப்புக் கிணற்றில் மின்கடத்துதிறன் (நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் அளவு) எகிறி நிற்கும், குளோரைடு ஆயிரக்கணக்கில் வரும். உடனே 'கசிவுநீர் (குப்பையில் ஊறி வடியும் அழுக்குநீர்) இறங்கிவிட்டது' என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறதே! பொட்டாசியத்தையும் சேர்த்து அளந்து பாருங்கள். கடல்நீரில் அது 400 மில்லிகிராம் அளவுதான், அதாவது குளோரைடில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. குப்பையின் கசிவுநீரில் பொட்டாசியத்தின் பங்கு இதைவிட மிக அதிகம். அமோனியாவும் அப்படியே.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: எல்லாம் கடல் உப்பு என்று கைகழுவிவிடுவது. கடல்நீரில் அமோனியா மிகச் சொற்பம். ஆனால் கண்டல் காட்டுச் சேற்றில் இலைதழை மக்கி, இயற்கையாகவே கொஞ்சம் சேர்ந்திருக்கும். அதனால் அதே வகை மண்ணில், குப்பையின் பாதிப்புக்கு எட்டாத இடத்தில், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கிணறாவது வேண்டும். 'மேட்டுப் பக்கம்', அதாவது நிலத்தடி நீர் குப்பையை நோக்கி வரும் பக்கம், என்று வரைபடத்தில் குறித்த கிணற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. குப்பை மலைக்குள் தேங்கும் நீர் நாலாபக்கமும் தள்ளும். மேட்டுப் பக்கக் கிணறும் தப்பாது. குறைந்தது மூன்று கிணறுகளில் நீர்மட்டம் அளக்காமல் நீரோட்டத்தின் திசையைச் சொல்ல முடியாது. இங்கே கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. ஏற்றத்தில் ஒன்று, இறக்கத்தில் ஒன்று என்று அளந்தால்தான் உண்மை தெரியும்.

மண்ணிலும் இதே குழப்பம். கடலோரக் களிமண்ணில் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் உண்டு. நீருக்கடியில் இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். தோண்டி வெளியே போட்டுக் காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகி, பிஎச் 4-க்கும் கீழே இறங்கிவிடும். இரும்பும் அலுமினியமும் கரைந்து வரும். கரையோரச் செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் வாய்க்காலில் துரு நிற நீரைப் பார்த்திருப்பார்கள், அதேதான். இதைக் குப்பையின் கணக்கில் எழுதுவது அநியாயம். எடுத்த மண்ணைக் காற்றுப் புகாத பையில் இறுக்கிக் கட்டிக் குளிரில் வைக்காவிட்டால், ஆய்வுக்கூடம் அளப்பது நாமே உண்டாக்கிய அமிலத்தைத்தான்.

நீர் மாதிரி எடுப்பதில் சோம்பல்தான் பெரிய எதிரி. பெய்லரை (கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கி நீர் மொள்ளும் குழாயை) இறக்கி முதலில் வருவதை போத்தலில் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அது குழாய்க்குள் வாரக்கணக்கில் தேங்கிய நீர். பிஎச்சும் மின்கடத்துதிறனும் ஒரு நிலைக்கு வரும்வரை மெதுவாக வெளியேற்றிய பிறகே மாதிரி எடுக்க வேண்டும். களிமண்ணில் கிணறு சட்டென்று வற்றிப்போகும். மறுபடி ஊறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கரைந்த உலோகங்களை அளப்பதானால், அங்கேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டி, அதன்பிறகு நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால், கலங்கலில் மிதக்கும் களிமண்ணிலிருந்து உலோகத்தை அமிலமே கரைத்துக் கொடுக்கும். பிறகு வருவது பொய்க்கணக்கு.

முடிவுகளைப் படிப்பதிலும் சறுக்கல் உண்டு. பிஓடி (எளிதில் மக்கும் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) குறைவாக வந்தால் 'குப்பை அடங்கிவிட்டது' என்கிறார்கள். பழைய கிடங்கில் எளிதில் மக்குவது மக்கி முடிந்திருக்கும். சிஓடியும் (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) அமோனியாவும் பல ஆண்டுகள் அப்படியே நிற்கும். புலாவ் பூரோங் போல ஃபுகுவோகா முறையில் குழாய் வழியே காற்றை உள்ளே விடும் கிடங்கில், பிஓடி இன்னும் சீக்கிரம் இறங்கும்.

இன்னொன்று: மலேசியாவின் 2009ஆம் ஆண்டுக் குப்பைக் கிடங்கு விதிமுறைகள் கசிவுநீருக்குச் சொல்லும் வரம்பு லிட்டருக்கு பிஓடி 20, சிஓடி 400, அமோனியா நைட்ரஜன் 5 மில்லிகிராம். அது சுத்திகரித்து வெளியே விடும் நீருக்கு. கிணற்றில் அமோனியா நைட்ரஜன் 4.8 வந்தது, 'வரம்புக்குள் இருக்கிறது' என்று எழுதும் அறிக்கையை என்னால் ஏற்க முடியாது. நிலத்தடி நீருக்கு அந்த எண் பொருந்தாது.

மழை அதிகம் பெய்யும் அக்டோபரையும், வறண்ட ஜனவரியையும் விட்டுவிட்டு ஒரே தடவை எடுத்த மாதிரியை வைத்து முடிவு சொல்வதைப் பற்றித் தனியாக எழுதத் தேவையில்லை.

கடைசியாகத் துளையிடுவது. குப்பை வழியாகவே இயந்திரத்தை இறக்கி அடிக்களிமண்ணைத் துளைத்தால், இத்தனை நாள் கசிவுநீரைத் தடுத்து வைத்திருந்த அடுக்கில் நாமே ஓட்டை போடுகிறோம். முடிந்தவரை குப்பைக்கு வெளியே துளையிடுங்கள். உள்ளே போயே ஆக வேண்டுமென்றால், வேலை முடிந்ததும் துளை முழுவதையும் பென்டோனைட்டால் (நீரில் ஊறி உப்பி அடைத்துக்கொள்ளும் களிமண்) அடையுங்கள். மீத்தேன் மீட்டரும் கையில் இருக்கட்டும்: காற்றில் அது 5 முதல் 15 விழுக்காடு கலந்தால் ஒரு சிகரெட் பொறி போதும்.