வீடா, கடையா? மனைக்குப் பணம் கொடுக்குமுன் மண்டல விதிகளைச் சரிபார்ப்பது எப்படி

“இது குடியிருப்புப் பகுதியா, வணிகப் பகுதியா?” மனை பார்க்கப் போகும் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. விடை கிடைத்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்போம். நாம் நினைக்கும் தொழிலோ வீடோ, நினைக்கும் அளவில், அந்த மனைக்குள் அடங்குமா என்பதைத்தான் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கண்டறிய வேண்டும்.

கையில் வேண்டியவை: நிலத்தின் சர்வே எண், எல்லை அளவுகள் குறித்த நில வரைபடம், பத்திர நகல், அளவு நாடா, கால்குலேட்டர்.

படி 1: சரியான வரைபடத்தைப் பிடியுங்கள்

மண்டல விதி என்பது இரண்டு ஆவணம். எந்த நிலம் எந்த மண்டலம் என்று காட்டும் வரைபடம் ஒன்று; அந்த மண்டலத்தில் எதைச் செய்யலாம் என்று சொல்லும் விதித் தொகுப்பு மற்றொன்று. நகரத் திட்ட அலுவலகத்திலோ அதன் இணையதளத்திலோ இரண்டும் கிடைக்கும். இரண்டிலும் கடைசித் திருத்தத்தின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: தற்போதைய நிலப் பயன்பாட்டு வரைபடத்தையும் உத்தேச நிலப் பயன்பாட்டு வரைபடத்தையும் குழப்பிக்கொள்வது. முதலாவது, இன்று அங்கே என்ன இருக்கிறது என்ற பதிவு மட்டுமே. பொதுவாக அனுமதியைத் தீர்மானிப்பது இரண்டாவதுதான். நிறத்தை நம்பியும் முடிவு செய்யாதீர்கள். வணிக மண்டலத்தை ஓரிடத்தில் சிவப்பாகவும் இன்னோரிடத்தில் நீலமாகவும் காட்டுவார்கள். ஓரத்தில் உள்ள குறி விளக்கத்தைப் பாருங்கள்.

கதவு எண்ணை வைத்துத் தேடாமல் சர்வே எண்ணை வைத்துத் தேடுங்கள். பிரதான சாலையை ஒட்டிய வணிக மண்டலம் சாலையிலிருந்து குறிப்பிட்ட ஆழம் வரைதான் இருக்கலாம். நீளமான மனை என்றால் முன்பாதி வணிகம், பின்பாதி குடியிருப்பு என்று பிளந்து கிடக்கும். வெள்ளப் பகுதி, கடற்கரை, விமான நிலைய உயரக் கட்டுப்பாடு, பாரம்பரியக் கட்டடப் பகுதி போன்றவை மண்டலத்துக்கு மேல் இன்னொரு அடுக்காக வரும். அவற்றுக்குத் தனி வரைபடம் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

படி 2: உங்கள் பயன்பாட்டுக்கு விதி வைத்திருக்கும் பெயர் என்ன?

பயன்பாடுகளை விதித் தொகுப்பு பெரும்பாலும் மூன்றாகப் பிரிக்கும்: தாராளமாக அனுமதி உள்ளவை, நிபந்தனையோடு சிறப்பு அனுமதி வாங்க வேண்டியவை, அறவே கூடாதவை. “கடை” என்று பொதுவாகத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். மளிகைக் கடையும் வெல்டிங் பட்டறையும் உணவகமும் விதியில் வெவ்வேறு பெயர்கள். வரையறைப் பகுதியைப் படித்து, உங்கள் தொழில் எதற்குள் விழுகிறது என்று பாருங்கள்.

வீட்டிலேயே டியூஷன், தையல், ஆலோசனை அலுவலகம் என்றால் “வீட்டுத் தொழில்” பிரிவு இருக்கிறதா என்று தேடுங்கள். வீட்டின் எத்தனை சதவீதப் பரப்பு, வெளியாள் எத்தனை பேர், பெயர்ப்பலகை எவ்வளவு பெரிது என்ற வரம்புகள் அங்கேதான் இருக்கும்.

பக்கத்தில் கடை இருப்பது உங்களுக்கும் அனுமதி உண்டு என்பதற்குச் சாட்சி ஆகாது. வணிக மின் இணைப்பு, வணிக வரி ரசீது, தொழில் உரிமம் ஆகியவையும் அப்படித்தான். அவை தனித்தனிச் சட்டங்களின் கீழ் வருபவை.

படி 3: கணக்குப் போடுங்கள்

அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் போவோம். மனை 12 மீட்டர் அகலம், 20 மீட்டர் ஆழம். பரப்பு 240 சதுர மீட்டர். விதிகள் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: எஃப்எஸ்ஐ எனும் தளப்பரப்புக் குறியீடு 2, கட்டடம் தரையில் மனையின் 50 சதவீதம் வரை மூடலாம், உயரம் 9 மீட்டர், செட்பேக் எனும், எல்லையை ஒட்டி விட வேண்டிய காலியிடம் முன்னால் 3, பின்னால் 2, இரு பக்கமும் தலா 1.5 மீட்டர்.

எஃப்எஸ்ஐ-படி எல்லாத் தளங்களும் சேர்ந்து 240 × 2 = 480 சதுர மீட்டர் கட்டலாம். விற்பவர் சொல்லும் எண் இதுவாகத்தான் இருக்கும்.

செட்பேக் போக மிஞ்சும் அகலம் 9, ஆழம் 15. அதாவது 135 சதுர மீட்டர். ஆனால் 50 சதவீத வரம்பு 120-இலேயே நிறுத்துகிறது. தளத்துக்கு 3 மீட்டர் வீதம் 9 மீட்டர் உயரத்தில் 3 தளம்தான் வரும். 120 × 3 = 360. மீதி 120 சதுர மீட்டர் தாளோடு சரி. எந்த விதி முதலில் முட்டுகிறதோ அதுதான் அந்த மனையின் உண்மையான அளவு. விலை பேசும்போது அந்த எண்ணை வைத்தே பேசுங்கள்.

இரண்டு இடத்தில் இந்தக் கணக்கு பிசகும். பால்கனி, மாடிப்படி, லிஃப்ட், அடித்தளம் ஆகியவை எஃப்எஸ்ஐ-யில் சேருமா என்பது ஊருக்கு ஊர் மாறும். அடுத்து, சாலை விரிவாக்கக் கோடு உங்கள் மனைக்குள் வந்தால், முன் செட்பேக்கை இன்றைய சாலை ஓரத்திலிருந்து அளக்காமல் அந்தக் கோட்டிலிருந்து அளக்கச் சொல்வார்கள்.

இத்தனை காலியிடம் எதற்கு என்று எரிச்சல் வரலாம். நியூயார்க்கில் 1915-இல் எழுந்த ஈக்விட்டபிள் கட்டடத்தின் மொத்தத் தளப்பரப்பு, மனையைப் போல ஏறக்குறைய 30 மடங்கு. அதன் நிழல் தெருக்களையும் பக்கத்துக் கட்டடங்களையும் மூடிய பின், அடுத்த ஆண்டே அந்நகரம் உயரத்தையும் பருமனையும் கட்டுப்படுத்தும் மண்டல விதியைக் கொண்டுவந்தது. வெளிச்சமும் காற்றும் அக்கம்பக்கத்தாருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது அந்த விதியின் முக்கிய நோக்கங்களில் ஒன்று.

படி 4: கடை என்றால் பார்க்கிங்

வணிகக் கட்டடத் திட்டங்கள் பல இங்கேதான் கவிழ்கின்றன. அதே மனையில் தரைத்தளம் 120 சதுர மீட்டர் கடை. 50 சதுர மீட்டருக்கு ஒரு கார் நிறுத்துமிடம் என்பது விதி என்று வைத்துக்கொள்வோம். 2.4 வருகிறது, மேல்நோக்கி முழுமையாக்கினால் 3. ஒரு காருக்கு 2.5 × 5 மீட்டர் என்று கொள்வோம். முன்னால் இருப்பது 3 மீட்டர். கட்டடத்தை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளினாலும் 4.67 மீட்டர்தான் கிடைக்கும். கார் சாலையில் நீட்டிக்கொண்டு நிற்கும்.

கடையை 100 சதுர மீட்டராகச் சுருக்கிப் பாருங்கள். 2 கார் போதும், முன்னால் 6.89 மீட்டர் கிடைக்கிறது, இரண்டும் அடங்கும். முன் செட்பேக்கில் வண்டி நிறுத்தவும், சாலைக்குப் பின்னோக்கி வண்டி எடுக்கவும் விதி இடம் கொடுத்தால் மட்டும். மாடியில் வீடுகள் வந்தால் அவற்றுக்கான இடமும் இதோடு கூடும்.

படி 5: பழைய கட்டடம் வாங்குகிறீர்களா?

விதி வருவதற்கு முன்பே சட்டப்படி இயங்கிவந்த கடையை, இன்று அது குடியிருப்பு மண்டலமானாலும் தொடர விடும் ஊர்கள் பல. அந்தச் சலுகை எளிதில் உடையும். குறிப்பிட்ட காலம் மூடிக் கிடந்தால், பெருமளவு இடிந்தால், விரிவாக்கினால் போய்விடலாம். ஆகவே கட்டடம் எப்போது எழுந்தது என்பதோடு, இடையில் எவ்வளவு காலம் பூட்டியிருந்தது என்பதற்கும் சான்று கேளுங்கள். ஏற்கெனவே அனுமதி பெற்ற பிளானை நாடாவோடு நின்று ஒப்பிடுங்கள். பிளானில் இல்லாத அறை, வாங்கிய பின் உங்கள் தலைவலி.

படி 6: விதிக்குள் அடங்காவிட்டால்

வழி மூன்று, பிரச்சினைக்கு ஏற்ற மனுவைப் போடாவிட்டால் மாதக்கணக்கில் வீண். பயன்பாடு நிபந்தனைப் பட்டியலில் இருந்தால் சிறப்பு அனுமதி. அளவு மட்டும் விதியை மீறினால் விதித் தளர்வு; அதற்கு, மனை கோணலாக இருக்கிறது, பள்ளத்தில் இருக்கிறது என்று நிலத்தின் குறையைக் காட்ட வேண்டும். “இன்னொரு தளம் போட்டால் லாபம்” என்ற காரணம் எடுபடாது. பயன்பாடே கூடாது என்றால் மண்டல மாற்றம்: பொது அறிவிப்பு, ஆட்சேபணை, விசாரணை என்று நீளும், முடிவு உறுதியில்லாத வழி.

படி 7: எழுத்தில் வாங்குங்கள்

கவுண்டரில் வாய்மொழியாகக் கேட்ட பதிலை வைத்துப் பணம் கொடுக்காதீர்கள். சர்வே எண், உத்தேசப் பயன்பாடு, தளப்பரப்பு மூன்றையும் குறிப்பிட்டு மனு கொடுத்து, மண்டலச் சான்றைக் கையொப்பத்துடன் பெறுங்கள். பத்திரத்திலோ குடியிருப்போர் சங்க விதியிலோ “வணிகம் கூடாது” என்ற நிபந்தனை இருந்தால், மண்டலம் அனுமதித்தாலும் அது உங்களைக் கட்டுப்படுத்தலாம், வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சான்று வருமுன் ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டிய நிலை என்றால், “இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும்” என்ற வரியைக் கெடு தேதியோடு அதில் எழுத வையுங்கள்.