காலை எட்டு மணி ரத்தம்: சைக்கோசிஸ் ஆய்வில் உதவியாளராகச் சேர்பவர்களுக்கு

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்காதீர்கள். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருப்பதால் “இல்லீங்க மேடம்” என்றுதான் பதில் வரும். “பஸ் எங்கெங்க நின்னுச்சு?” என்று கேளுங்கள். “ஓசூர்ல கொஞ்ச நேரம் போட்டுட்டான், குளிருக்கு ஒரு டீ...” என்று தானாக வந்துவிடும். சேலத்திலும் தருமபுரியிலும் ராத்திரி பஸ் ஏறி, மனநோய் ஆய்வுக்கு ரத்தம் கொடுக்க விடிகாலையில் பெங்களூருவில் வந்து இறங்கும் குடும்பங்களோடு மூன்று வருடம் வேலை பார்த்தேன். எனக்குக் கன்னடம் அரைகுறை. தமிழ் பேச ஓர் ஆள் வேண்டும் என்றுதான் என்னை எடுத்தார்களோ என்று இன்றும் சந்தேகம் உண்டு. பயோடெக் முடித்துவிட்டு இதே வேலைக்குப் போகும் இரண்டு பேர் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

எதைத் தேடுகிறோம் என்பது முதலில் தெரிய வேண்டும். இல்லாத குரல் காதில் கேட்பது, பக்கத்து வீட்டுக்காரர் சதி செய்கிறார் என்று யார் சொன்னாலும் மாறாமல் நம்புவது, இந்த மாதிரி நிலைதான் சைக்கோசிஸ். இதில் நோயெதிர்ப்பு மண்டலத்துக்குப் பங்கு உண்டா என்பது கேள்வி. சும்மா கிளம்பிய கேள்வி இல்லை. 2007-ல் ஜோசப் டால்மாவ் குழுவினர் ஒரு மூளை அழற்சியை விவரித்தார்கள். அதில் உடம்பு உண்டாக்கும் எதிர்பொருளே மூளையில் நரம்புச் செய்தியை வாங்கும் என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்குகிறது. அந்த நோய் வந்தவர்களில் பலர் முதலில் போய் நின்றது மனநல மருத்துவரிடம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் பிள்ளைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடரும் பெரிய ஆய்வு ஒன்று உண்டு. 9 வயதில் ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் பொருள் கூடுதலாக இருந்த பிள்ளைகளுக்கு 18 வயதில் சைக்கோசிஸ் அனுபவங்கள் இருக்கும் வாய்ப்பும் கூடுதல் என்று 2014-ல் அதிலிருந்து கட்டுரை வந்தது. 2016-ல் சி4 என்ற நோயெதிர்ப்பு மரபணுவுக்கும் சைக்கோசிஸ் வகை நோயான மனச்சிதைவுக்கும் உள்ள தொடர்பு வெளியானது. இந்த மூன்றையும் படித்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போங்கள். தொடர்பு இருக்கிறது என்பதற்கும் இதுதான் காரணம் என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கட்டாயம் கேட்பார்கள்.

ரத்தத்தோடு பழகும் வேலை என்பதால், சேர்ந்த முதல் வாரமே ஹெபடைடிஸ் பி ஊசி போட ஆரம்பியுங்கள். மூன்று டோஸ் முடிய ஆறு மாதம் ஆகும்.

அப்புறம் ஒப்புதல் படிவம். “அவனை எதுக்குக் கேக்கறீங்க, நான் கையெழுத்துப் போடறேன்” என்று அப்பா பேனாவை எடுப்பார். அவர் மேல் தப்பில்லை, அதுவரை எல்லா இடத்திலும் அப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, ஆய்வுக்கு நோயாளியின் சொந்தச் சம்மதம் வேண்டும். அப்பாவை மரியாதையாக உட்கார வைத்துவிட்டு, பையனைப் பார்த்துப் பேசுங்கள்.

பேசும்போது சொல்லில் கவனம். ஆரம்பத்தில் நான், “உடம்புக்குள்ள ஒரு படை இருக்குங்க, கிருமி வந்தா சண்டை போடும்” என்று பள்ளிக்கூடப் பாடம் மாதிரி விளக்குவேன். ஒரு நாள், யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று பயந்துகொண்டிருந்த ஒரு தம்பி அதைக் கேட்டுவிட்டு, மடித்துவிட்ட சட்டைக் கையை மெதுவாக இறக்கிப் பட்டனைப் போட்டுக்கொண்டான். ஏற்கெனவே ஒரு படை துரத்துகிறது என்று நினைப்பவனிடம், உள்ளேயும் ஒன்று இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்! அதற்குப் பிறகு, “காய்ச்சல் வந்தா ரத்தத்துல சில பொருள் கூடும். அது உங்களுக்கு எவ்வளவு இருக்குன்னு அளக்கறோம்” என்பதோடு நிறுத்திக்கொண்டேன். காலி டியூபைக் கையில் கொடுங்கள். மொத்தம் 10 மில்லி, இரண்டு டீஸ்பூன் அளவு என்று கண்ணால் பார்த்தால் பாதி பயம் போய்விடும்.

அறிகுறிகளை அளக்க பான்ஸ் என்ற அளவுகோல். 30 கேள்வி இனங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். ஒன்றுமே இல்லாதவருக்கும் 30 வரும், பூஜ்யம் வராது. எத்தனை சதவீதம் குறைந்தது என்று கணக்குப் போடும்போது அந்த 30-ஐக் கழிக்க மறப்பவர்கள் நிறைய. மற்றதை உங்கள் சீனியர் பக்கத்தில் உட்கார்ந்துதான் பழக வேண்டும். எழுத்தில் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியாது.

இனி ரத்தம். நேரம் முக்கியம். நோயெதிர்ப்புப் பொருள்கள் சில, நாளில் ஒரு நேரம் ஏறி இன்னொரு நேரம் இறங்கும். அதனால் எல்லோருக்கும் காலை எட்டிலிருந்து பத்துக்குள். அதே ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் பார்ப்பதால் வெறும் வயிறு. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ உள்ள ஊதா மூடி டியூபை எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் சிவப்பணு உடையும், பிளாஸ்மா இளஞ்சிவப்பாக வரும், அளவுகள் தப்பாகும். சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர், எடுக்கும் டியூபை அரை மணி நேரம் ரேக்கில் நிறுத்தி உறைய விடுங்கள். வேகமாகச் சுற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜில் வைக்கும்போது எதிர்ப்பக்கம் அதே எடையில் தண்ணீர் டியூப் இருக்க வேண்டும். செய்முறையில் 1,500 ஜி என்று இருந்தால் அது சுற்று எண்ணிக்கை இல்லை, புவியீர்ப்பைப் போல் 1,500 மடங்கு விசை. ரோட்டரின் ஆரத்தைப் பொறுத்துச் சுற்று மாறும், மெஷின் மாறினால் மறுபடி கணக்குப் போடுங்கள்.

டியூப் காத்துக்கிடக்கும் நேரத்திலும் அதிலுள்ள செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சைட்டோகைனை, அதாவது இன்டர்லூக்கின் மாதிரி நோயெதிர்ப்புப் பொருள்களை, சுரந்துகொண்டே இருக்கும். ஆகவே எடுத்த நேரம், சுற்றிய நேரம், ஃப்ரீஸரில் வைத்த நேரம் மூன்றையும் குறித்துவையுங்கள். சீரத்தைச் சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80-ல் வைத்துவிட வேண்டும். ஒரே பெரிய குப்பியாக வைத்தால், ஒவ்வொரு சோதனைக்கும் உருக்கி உறையவைத்துக் கெடுத்துவிடுவீர்கள். குப்பியில் சாதாரண மார்க்கரால் எழுதாதீர்கள். என் முதல் மாதத்தில் 11 குப்பிகளின் மேல் படிந்த பனியைத் துடைத்தேன், எழுத்தும் சேர்ந்து போனது. யாருடையது என்று தெரியாத சீரத்தை வைத்து என்ன செய்ய? வீசினோம். தூரத்து ஊர்களிலிருந்து பட்டினியாக வந்து கொடுத்த ரத்தம். ஃப்ரீஸர் லேபிள் என்று தனியாக விற்கிறது, அதையே கேட்டு வாங்குங்கள்.

இந்த வேலையில் என் கணிப்பில் மெஷினைவிடப் பெரியது நோட்டுப் புத்தகம். ரத்தத்தில் தெரியும் அழற்சிக்கு, அது மனநோயால் வந்ததா வேறெதனால் வந்ததா என்று சொல்லத் தெரியாது. ஒரு தடவை 22 வயதுப் பையன் ஒருவனுக்கு சிஆர்பி என்ற அழற்சிப் புரதம் லிட்டருக்கு 14 மில்லிகிராம் வந்தது. 10-க்கு மேல் போனாலே ஏதோ தொற்று இருக்கலாம் என்று தனியாக எடுத்து வைப்பது வழக்கம். போன் போட்டேன். “கடவாய்ப் பல்லு ஒரு வாரமா வலிக்குதும்பான், கன்னம்கூட வீங்கியிருந்துச்சு” என்றார் அம்மா. முன்னாடியே ஏன் சொல்லவில்லை? நான் கேட்கவே இல்லையே. அன்றிலிருந்து என் பட்டியல் நீண்டது: பல், சளி, சிரங்கு, கடந்த இரண்டு வாரத்தில் போட்ட தடுப்பூசி, வலி மாத்திரை, ராத்திரித் தூக்கம். பீடி எத்தனை என்று அப்பா இல்லாதபோது கேளுங்கள். எடையும் இடுப்புச் சுற்றளவும் கட்டாயம். சைக்கோசிஸ் மாத்திரைகள் சில எடையைக் கூட்டும், கொழுப்புத் திசுவே இன்டர்லூக்கின்-6 சுரக்கும். இதைக் குறிக்காமல் விட்டால், மாத்திரையின் வேலையை நோயின் வேலை என்று எழுதிவிடுவோம்.

இந்தப் பொருள்களை அளக்கும் சோதனை எலைசா. அதன் தட்டில் 96 குழிகள். நோயாளிகள் எல்லோரும் ஒரு தட்டில், ஆரோக்கியமானவர்கள் எல்லோரும் இன்னொரு தட்டில் என்று வைத்தால், நீங்கள் அளப்பது இரண்டு தட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். கலந்து வையுங்கள், ஒவ்வொன்றையும் இரண்டு குழியில் வையுங்கள்.

“ரத்தத்துல என்னங்க வந்துச்சு?” என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். சர்க்கரை முடிவை டாக்டர் சொல்வார். மற்றதற்கு, “நிறையப் பேரோடதைச் சேர்த்துப் பார்த்தாத்தாங்க தெரியும், ஒருத்தரோடதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது” என்பதே நேர்மையான பதில். “அப்ப எங்களுக்கு ஒண்ணும் இல்லை” என்று ஓர் அம்மா சொன்னார். “ஆமாங்கம்மா, இப்போதைக்கு இல்லை” என்றேன். கோபப்படவில்லை, தலையாட்டிவிட்டு இட்லி சாப்பிடப் போனார். ஊசி எடுத்த கையோடு டிபன் டோக்கன் கையில் இருக்க வேண்டும், பஸ் செலவும் அன்றே கொடுத்துவிட வேண்டும்.

ஆறு மாதம் கழித்து மறுபடி வர வேண்டும். செல் நம்பர் அதற்குள் மாறிவிடும், ஆகவே மாமா நம்பர், பக்கத்துக் கடை நம்பர் என்று இன்னும் இரண்டு வாங்குங்கள். கடைக்காரரிடம் எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சேலத்துக்காரர்களுக்கு ஆடி மாதத்தில், மாரியம்மன் பண்டிகை வாரத்தில் தேதி கொடுக்காதீர்கள். வர மாட்டார்கள். அடுத்த வாரம் வந்தால், ஊசி குத்துவதற்கு முன் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலைப் பாருங்கள். மகனுக்கு நல்லபடியாக வேண்டும் என்று குடும்பமே பூ மிதித்துவிட்டு, அதாவது தீ மிதித்துவிட்டு, வந்திருக்கலாம். கொப்புளம் இருந்தால் நோட்டில் எழுதிவிட்டு, இரண்டு வாரம் தள்ளித் தேதி கொடுங்கள்.