கோவையில் ஏறி துபாய் பார்க்கப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

முதல் சறுக்கல் வீட்டில் பெட்டி கட்டும்போதே நடந்துவிடுகிறது. அங்கே வேலை பார்க்கும் பங்காளிக்கென்று கறி மசாலா அரைத்து ஒரு பொட்டலம் வைப்பார்கள். அதில் கசகசா இருந்தால் எடுத்துப் போகவே கூடாது. அபினிச் செடியின் விதை என்பதால் அமீரகத்தில் அதற்குத் தடை. வறுத்து அரைத்ததுதானே என்ற சமாதானம் சுங்கத்தில் எடுபடாது. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் என்ற வலி மாத்திரை இரண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

கோவை விமானம் துபாயை ஒட்டிய ஷார்ஜாவில் இறக்கிவிட்டதும் நேரே புர்ஜ் கலீஃபாவுக்கு ஓடுவது அடுத்தது. துபாயின் கதை பாதி புரிவதே ஷார்ஜாவில்தான். 1932இல் லண்டனிலிருந்து இந்தியா வரும் விமானங்களுக்காக இங்கே ஒரு நிலையம் கட்டினார்கள். இன்று அது அல் மஹத்தா அருங்காட்சியகம். பழைய ஓடுபாதை ஊருக்குள் ஒரு சாலையாகிவிட்டது. அன்றைக்கு ஷார்ஜாவும் துபாய்க்குப் போட்டியான ஊர். சரக்குப் படகுகள் வந்து நிற்கும் கழிமுகம் (கிரீக்) இரண்டு ஊரிலும் மணலால் தூர்ந்தது. துபாய் கடன் வாங்கி, 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் தூர் வாரியது. ஷார்ஜாவுக்கு அது உடனே முடியவில்லை, சரக்கெல்லாம் துபாய் பக்கம் திரும்பிவிட்டது. குளம் தூர்ந்தால் ஊர் என்னாகும் என்று நொய்யல் கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

‘எண்ணெய் வந்தது, ஊர் வளர்ந்தது’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். துபாயில் எண்ணெய் கண்டுபிடித்தது 1966இல், தூர் வாரிய பிறகு. அதற்கு முன் முத்து. ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து 1930களில் அந்தத் தொழிலும் படுத்தது. 1966 வரை அங்கே செலாவணி ரூபாய்தான். 1959 முதல் வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டை நம் ரிசர்வ் வங்கி அச்சிட்டது.

பலர் ஏமாறுவது துபாய்க் கழிமுகக் கரையில் இருக்கும் அல் சீஃபில். மண் நிறச் சுவர், மரக்கதவு எல்லாம் இருக்கும், ஆனால் 2017 வாக்கில் பழைய பாணியில் கட்டியது. அசல் வேண்டுமானால் பக்கத்திலேயே அல் ஃபஹீதி என்ற பழைய குடியிருப்பு. அங்கே வீட்டின் மேல் நிற்கும் காற்றுக் கோபுரத்தைப் படம் மட்டும் எடுத்துவிட்டு நகராமல், அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். உள்ளே பெருக்கல் குறி போலக் குறுக்குச் சுவர், நாலு பக்கமும் திறப்பு. காற்று எந்தத் திசையில் அடித்தாலும் ஒரு புழையில் இறங்கும், வீட்டுச் சூடு எதிர்ப்புழையில் ஏறும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் ஒன்றின் வழியே வரும் நமக்கு நாலு திறப்பு வேண்டியிருக்காது. 1787இல் கட்டிய ஃபஹீதிக் கோட்டை அருகில்தான். சில ஆண்டுகளுக்கு முன் சீரமைப்புக்காக மூடினார்கள், திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

நொய்யல் கரைக் கொடுமணலின் பழங்கால இரும்பு உலைகளை அறிந்தவர்கள், துபாயின் ஷிந்தகா பகுதியில் சரூக் அல் ஹதீத் அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது. சரூக் அல் ஹதீத் என்பது பாலைவனத்துக்குள் உலோக வேலை நடந்த இடம், இரும்புக் காலத்தது.

பள்ளி விடுமுறை என்று மே மாதம் போனால் இதையெல்லாம் நடந்து பார்க்க முடியாது. நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். கழிமுகத்தைக் கடக்க டாக்ஸி பிடிப்பதும் வீண் செலவு. அப்ரா படகுக்கு ஒரு திர்ஹம்தான், சில்லறையாகக் கையில் இருக்கட்டும். நடுப் பலகையில் முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். பக்கத் தடுப்பு உயரமில்லை, போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.