ரியோ இலையில பிளாஸ்மா சிதைவு: உரிக்கிறதுலதான் விஷயமே இருக்கு

மாங்காயில உப்பு போட்டா தண்ணி விடுதுல்ல, அதையே ஒரே ஒரு செல்லுல பாக்குறதுதான் பிளாஸ்மா சிதைவு: உப்புத்தண்ணியில செல் தண்ணியை இழந்து, உள்ள இருக்குறது சுவரை விட்டு சுருங்குறது. ரியோங்கிறது மேல பச்சை, அடியில ஊதான்னு இலை இருக்குற அலங்காரச் செடி. மைக்ரோஸ்கோப்ல ஸ்லைடு வெச்சு ஃபோகஸ் பண்ணத் தெரியும்னு வெச்சுக்கிட்டுதான் எழுதுறேன்.

முதல்ல உப்புத்தண்ணி: 100 மில்லி தண்ணியில 5 கிராம் தூள் உப்பு, சுமாரா ஒரு டீஸ்பூன். கல் உப்பு வேணாம், அதுல இருக்குற அழுக்கைப் பாத்துட்டு பசங்க செல்லுன்னு வரைஞ்சு வெச்சிருவாங்க.

அடுத்தது உரிக்கிறது. நான் மூணு நாள் மண்டைய உடைச்சுக்கிட்டது இங்கதான். ப்ளேடு வெச்சு சீவினேன், தடியா வந்துச்சு, பாத்தா ஒரே பச்சை. ப்ளேடைத் தூக்கிப் போடுங்க. ஊதா பக்கம் மேல இருக்குற மாதிரி இலையைப் பிடிச்சு, சாய்வா சரக்குன்னு கிழிங்க, கிழிஞ்ச ஓரத்துல கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசா ஊதா தோல் நீட்டிக்கிட்டு நிக்கும், அது மட்டும் போதும். இலைச்சாறு சிலருக்கு அரிக்கும், கையைக் கழுவிக்கோங்க.

முதல்ல வெறும் தண்ணியில வெச்சு கவர் ஸ்லிப்பை சாய்ச்சு மெதுவா இறக்குங்க. கருப்பு வளையம் போட்ட வட்டம் தெரிஞ்சா அது காத்துக்குமிழி, செல் இல்ல. 10எக்ஸ் லென்ஸே தாராளம். செல் முழுக்க ஊதா நிரம்பியிருக்கும், அந்தக் கலர் வாக்குவோல்ல, அதாவது செல்லுக்குள்ள இருக்குற சாறுப் பையில, இருக்குற ஆந்தோசயனின்ங்கிற நிறமி, அதனால சாயமே வேணாம்.

இப்போ ஸ்லைடை எடுக்காமலே கவர் ஸ்லிப்போட ஒரு ஓரத்துல இங்க் ஃபில்லரால ரெண்டு சொட்டு உப்புத்தண்ணி விட்டு, எதிர் ஓரத்துல டிஷ்யூ பேப்பரை வெச்சு உறிஞ்சவிடுங்க. சில நிமிஷத்துல ஊதா சுருங்கி செல் சுவரை விட்டு விலகும். எங்க க்ளாஸ்ல ஒரு பொண்ணு "சார், சுவர் மட்டும் அப்படியே நிக்குது!"ன்னு கத்துச்சு. அதே மாதிரி நல்ல தண்ணி விட்டா திரும்ப விரியும், ஆனா ரொம்ப நேரம் உப்புல கிடந்தா செல் செத்துடும், விரியாது.

பின்னாடி சேர்த்தது: ரியோ கிடைக்கலன்னு பெரிய வெங்காயத்துல செஞ்ச ரெண்டு பேர் ஒண்ணுமே தெரியலன்னு கேட்டிருந்தாங்க. நீங்க உரிச்சது உள்பக்கத் தோல், அதுல கலரே இருக்காது. சதையோட வெளிப்பக்கம் ஊதாவா இருக்கும்ல, அதை உரிங்க. காஞ்ச சருகு இல்லைங்க, அதுல செல் ஏற்கனவே செத்தாச்சு.