குடித்துவிட்டு வாகனம் ஓட்டி மாட்டிக்கொண்டால் வேலை என்னாகும்? ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

முதல் தடவை பிடிபட்டவருக்கு நீதிமன்றம் விதிக்கிற ஆகக் குறைந்த தண்டப்பணம் 1,000 டொலர். இந்த ஒன்றை மட்டும் யாரோ சொல்லக் கேட்டுவிட்டு, "ஆயிரத்தைக் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம்" என்று போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்கள் எங்கள் ஆட்களில் உண்டு. உண்மையில் அந்த ஆயிரம்தான் இதில் சின்னச் செலவு. வேகமாக ஓடியதற்கு வருகிற ரிக்கற் மாகாணப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வருவது. குடித்துவிட்டு ஓட்டுவது, களவும் அடிதடியும் இருக்கிற அதே குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது. ஒப்புக்கொண்டு தீர்ப்பு வந்ததும் உங்கள் பெயரில் குற்றப்பதிவு விழுந்துவிடும். வேலை தேடப் போனாலும் விசாவைப் புதுப்பிக்கப் போனாலும் அது கூடவே வரும்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் இருந்தால் குற்றவியல் வழக்கு. 50ஐ எட்டினாலே ஒன்ராறியோவில் வீதியில் வைத்தே லைசென்ஸைச் சில நாட்களுக்குப் பறித்துவிடுவார்கள். ஜி1, ஜி2 (முழு லைசென்ஸுக்கு முந்திய, பழகுநர் நிலை லைசென்ஸ்கள்) வைத்திருப்பவர்களுக்கும், 21 வயதும் அதற்குக் குறைந்தவர்களுக்கும், ட்ரக் போன்ற வர்த்தக வாகனம் ஓட்டுகிறவர்களுக்கும் அனுமதிக்கப்பட்ட அளவு பூச்சியம். ஊரில் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் இங்கே கையில் ஜி2 இருக்கும்வரை நீங்கள் புதிய சாரதிதான்.

2018 டிசம்பரிலிருந்து இன்னொரு மாற்றம். சட்டப்படி மறித்த எந்தச் சாரதியையும், குடித்திருப்பார் என்ற சந்தேகம் இல்லாவிட்டாலும், பொலிஸ் மது சோதிக்கும் கருவியில் ஊதச் சொல்லலாம். "நான் ஊத மாட்டேன்" என்று நிற்பதும் குற்றம். அதற்கு ஆகக் குறைந்த தண்டம் 2,000 டொலர். பார்ட்டி ஹோல் வாசலில், "நான் ஸ்ரெடியாத்தான் இருக்கிறன் மச்சான், ஐஞ்சு நிமிச ஓட்டம்தானே" என்று திறப்பைத் தேடுகிற ஆளை எல்லோருக்கும் தெரியும். அவரைவிடப் புத்திசாலியாக, வாகனத்துக்குள்ளேயே படுத்துவிட்டுக் காலையில் போவோம் என்று நினைப்பவரும் தப்பமாட்டார். திறப்போடு சாரதி இருக்கையில் தூங்கினாலும், வாகனம் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்ததாக வழக்குப் போடலாம்.

80ஐ எட்டிப் பிடிபட்டால், நீதிமன்றம் போவதற்கு முன்பே லைசென்ஸ் 90 நாட்களுக்கு நிறுத்தப்படும், வாகனம் 7 நாட்களுக்கு இழுத்துக்கொண்டு போகப்படும். வேலையில் முதல் அடி இங்கேதான் விழுகிறது. பிரம்ப்டன், வோன் பக்கத்து வெயர்ஹவுஸுகளில் காலை 6 மணி ஷிஃப்டுக்கு ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸில் போய்ச் சேர்வது அநேகமாக முடியாத காரியம். கார்ப்பூல் கிடைத்தால் பிழைத்தீர்கள். சரி, யாருக்குத் தெரியப்போகிறது என்று லைசென்ஸ் இல்லாமல் ஓட்டப் போகாதீர்கள். அது இன்னொரு வழக்கு.

இனி வேலை தருகிறவர் எதைப் பார்ப்பார் என்பதற்கு வருவோம். ஒன்ராறியோவில் பொலிஸ் சோதனை மூன்று வகை. சாதாரண குற்றப்பதிவுச் சோதனையில் தீர்ப்பான குற்றங்கள் மட்டும் வரும். நடந்துகொண்டிருக்கிற வழக்கு வராது. இரண்டாவது வகையில் முடியாத வழக்கும் வரும். மூன்றாவது, பிள்ளைகள், முதியவர்கள் போன்றவர்களோடு வேலை செய்பவர்களுக்கானது. அதுதான் ஆகக் கடுமையானது. பிஎஸ்டபிள்யூ (முதியவர்கள், நோயாளிகளைப் பராமரிக்கும் வேலை), டேகெயார், பாடசாலை வேலை எல்லாவற்றுக்கும் இதைக் கேட்பார்கள். சாரதி வேலைக்கு இதற்கு மேலே உங்கள் ஓட்டுநர் பதிவையும் கேட்பார்கள். லைசென்ஸ் நிறுத்தப்பட்டது அதில் நிற்கும்.

விண்ணப்பப் படிவத்தில் கேள்வி எப்படி இருக்கிறது என்று ஆறுதலாக வாசியுங்கள். பல படிவங்களில், 'மன்னிப்பு வழங்கப்படாத குற்றம் எதற்காவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?' என்றுதான் இருக்கும். வழக்கு மட்டும் இருந்து தீர்ப்பு வரவில்லை என்றால் அதற்கு உண்மையான பதில் 'இல்லை'. தீர்ப்பு வந்துவிட்டால் 'ஆம்'. பொய் சொல்லி வேலையில் சேர்ந்து பிறகு பிடிபட்டால், அந்தப் பொய்யே வேலையை விட்டு நிறுத்தப் போதுமான காரணம்.

பதிவு இருக்கிறது என்பதற்காக வேலை தர மறுக்கலாமா? ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் இதில் உங்களை அதிகம் காப்பாற்றாது. மன்னிப்புப் பெற்ற குற்றங்களும், மாகாணச் சட்டத்தின் கீழான குற்றங்களும்தான் அதில் பாதுகாக்கப்படுகின்றன. மன்னிப்புப் பெறாத குற்றவியல் தீர்ப்பைக் காட்டி மறுத்தால் அந்தச் சட்டத்தில் முறையிட வழியில்லை.

நடைமுறையில் எல்லா வேலையும் ஒரே மாதிரி அடிபடுவதில்லை. தொழிற்சாலை, உணவகம், கட்டட வேலைகளில் பலர் கேட்பதே இல்லை. டெலிவரி, ஊபர், ட்ரக் என்றால் பெரும்பாலும் கதை முடிந்தது. முதலாளி நல்லவராக இருந்தாலும் அவருடைய காப்புறுதிக் கம்பனி உங்கள் பெயரைச் சேர்க்கச் சம்மதிக்காது. லைசென்ஸ் திரும்பக் கிடைத்த பிறகும் இன்ரர்லொக் கருவி இருக்கிறது. அதற்குள் ஊதினால்தான் எஞ்சின் தொடங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதும் இடையிடையே ஊதச் சொல்லும். அந்த நிபந்தனை இருக்கிறவரை நீங்கள் ஓட்டுகிற எந்த வாகனத்திலும் அது பூட்டப்பட்டிருக்க வேண்டும், கம்பனி வானிலும்தான். தன் வானில் அதைப் பூட்ட எந்த முதலாளி சம்மதிப்பார்? வீடு வீடாகப் போகிற பிஎஸ்டபிள்யூ வேலையும் வாகனத்தை நம்பியதுதான். தாதியராக, மருந்தாளராகப் பதிவு செய்தவர்கள் தீர்ப்பை மட்டுமல்ல, வழக்குப் போடப்பட்டதையே தங்கள் ஒழுங்குமுறைக் கல்லூரிக்கு (படிக்கிற கல்லூரியல்ல, அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்துகிற அமைப்பு) அறிவிக்க வேண்டும்.

இனிச் சொல்வதைக் குடியுரிமை இல்லாத எல்லோரும் கவனமாக வாசிக்க வேண்டும். 2018 டிசம்பர் 18 முதல் இந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனை 5 வருடத்திலிருந்து 10 வருடமாகக் கூட்டப்பட்டது. 10 வருட உச்சத் தண்டனை உள்ள குற்றம் குடிவரவுச் சட்டத்தில் 'பாரதூரமான குற்றம்'. உங்களுக்குக் கிடைத்தது வெறும் தண்டப்பணம்தான் என்றாலும் கணக்கில் எடுப்பது உச்சத் தண்டனையைத்தான். ஆகவே பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) உள்ளவரையும் நாட்டைவிட்டு வெளியேற்றும் நடவடிக்கை தொடங்கலாம். 6 மாதத்துக்குக் குறைந்த தண்டனை பெற்ற பிஆர்காரர் மேன்முறையீடு செய்யலாம். வேர்க் பேர்மிற்றிலோ ஸ்ரடி பேர்மிற்றிலோ இருப்பவருக்கு அந்த வழியும் இல்லை. அகதிக் கோரிக்கை வைக்க இருப்பவரின் கோரிக்கையே ஏற்கப்படாமல் போகலாம். வேலை செய்யும் அனுமதியே கேள்விக்குள்ளாகும்போது குற்றப்பதிவுச் சோதனையைப் பற்றிக் கவலைப்பட என்ன இருக்கிறது?

இதில் ஒரு பொறி உண்டு. பிடிபட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டு தீர்ப்புப் பெற்றால், தகுதி உள்ள முதல் தடவைக்காரர் ஒரு வருடத்துக்குப் பதில் 3 மாதத்திலேயே இன்ரர்லொக்கோடு ஓட்டத் தொடங்கலாம். இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது நல்ல பேரமாக இருக்கலாம். நீங்கள் வேர்க் பேர்மிற்றில் இருந்தால், லைசென்ஸைச் சீக்கிரம் வாங்குவதற்காக இருப்பையே பணயம் வைக்கிறீர்கள். ஒப்புக்கொள்வதற்கு முன் குற்றவியல் சட்டத்தரணி ஒருவரோடும் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரோடும் பேசுங்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியும் என்று நினைக்காதீர்கள். காசு இல்லையென்றால், வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி தருகிற லீகல் எய்ட் ஒன்ராறியோவைக் கேட்டுப் பாருங்கள். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்பது உங்கள் உரிமை, அதற்குக் காசு இல்லை. விளங்காததற்கு 'யெஸ்' சொல்லித் தலையாட்டாதீர்கள். ஆதாரம் பலவீனமான சில வழக்குகளில் அரச தரப்பு, கவனயீனமாக ஓட்டியது என்ற மாகாணக் குற்றத்துக்கு இறங்கி வருவதுண்டு. அது கிடைத்தால் குற்றப்பதிவு இல்லை, மேலே சொன்ன மனித உரிமைப் பாதுகாப்பும் உண்டு. எல்லோருக்கும் கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கு: முதல் தடவை வழக்குகள் பெரும்பாலும் சுருக்க விசாரணையாகத்தான் (பாரம் குறைந்த வழக்குகளுக்கான நடைமுறை) நடக்கும். தண்டனை முழுவதும் முடிந்து, தண்டப்பணமும் கட்டி முடித்து 5 வருடத்துக்குப் பிறகு கனடா பரோல் சபையிடம் பதிவை ஒதுக்கி வைக்கக் கேட்கலாம், மேலே 'மன்னிப்பு' என்றது இதைத்தான். கடுமையான வழக்குகளுக்கான நடைமுறையில் விசாரணை நடந்திருந்தால் 10 வருடம். விண்ணப்பக் கட்டணம் 2022இல் 600 டொலருக்கு மேலிருந்து 50 டொலராகக் குறைக்கப்பட்டது. படிவத்தை நீங்களே நிரப்பலாம். ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு 'மன்னிப்பு எடுத்துத் தருகிறோம்' என்று விளம்பரம் போடுகிறவர்கள் செய்வதும் அதே படிவத்தை நிரப்புவதுதான்.

கடைசியாக, இன்னும் வந்து சேராதவர்களுக்கு. இலங்கையிலோ இந்தியாவிலோ வளைகுடாவிலோ இதே குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருந்தால், கனடா விண்ணப்பத்தில் அதை எழுதியே ஆக வேண்டும். அங்கே சின்னத் தண்டத்தோடு முடிந்திருக்கலாம். இங்கே அதைக் கனடாச் சட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். தண்டனை முடிந்து 5 வருடம் கழிந்திருந்தால் திருந்திவிட்டதாக ஏற்கும்படி விண்ணப்பிக்கலாம். மறைத்துப் பிடிபட்டால் தவறான தகவல் தந்ததற்காக 5 வருடத் தடை தனியாக வரும்.