மாஸ்டாவின் துணிக்கூரையை மாற்றிய கதை

என்னிடம் இருப்பது 1991ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5, கூரையை மடித்துத் திறக்கக்கூடிய சிறிய கார். இங்கிலாந்து மழையில் இரண்டு குளிர்காலமாக இருக்கைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கியது. வினைல் கூரை, அதாவது பிளாஸ்டிக் பூசிய துணி, மடிப்புகளில் வெடித்துவிட்டது. பின்புற பிளாஸ்டிக் ஜன்னலும் மஞ்சளேறிப் போயிருந்தது.

கூரையைச் சட்டத்தோடு கழற்றி மேசைமேல் வைத்து வேலை செய்தேன். அதுதான் சரியான வழி. பின்பக்கம் வரிசையாக 10 மில்லிமீட்டர் நட்டுகள். துணியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் பழைய ரிவெட்டுகளை, அதாவது தறையாணிகளை, துளையிட்டு எடுத்தேன். பழைய துணியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எது எங்கே ஒட்டியிருந்தது என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

அப்புறம்தான் உண்மையான கோளாறு தெரிந்தது. கூரையில் விழும் நீரைப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பட்டை ஏந்தி, இருபுற வடிகுழாய்களுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு குழாயும் இலைச் சேற்றால் அடைத்துக் கிடந்தன. அப்படியே விட்டால் கதவுக்குக் கீழேயுள்ள தகரம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். இந்தக் காரைக் கொல்வதே அந்தத் துருதான். வளையும் பிளாஸ்டிக் கம்பியை மெதுவாக விட்டுச் சுத்தம் செய்தேன்.

புதிய கூரையை வெயிலில் விரித்து இளக்கிய பிறகே பொருத்தினேன். முதலில் முன்பக்கம் அதிகமாக இழுத்து ஒட்டியதால், கூரையை முன்கண்ணாடிச் சட்டத்தோடு பூட்டும் கொக்கிகள் எட்டவில்லை. பிரித்து, கொஞ்சம் தளர்த்தி, பூட்டிப் பார்த்த பிறகு ரிவெட் அடித்தேன்.

நேற்று அடைமழை. விரிப்புக்குக் கீழே கைவைத்துப் பார்த்தேன், காய்ந்தே இருந்தது.