லைஃப்பாயைக் கட்டி வைக்காதீர்கள்

புது கேடட்கள் (பயிற்சி அதிகாரிகள்) கப்பலேறும் ஒவ்வொரு முறையும், எங்கள் கேடட் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்கிறார்கள். யாராவது கடலில் விழுந்தால் சத்தம் போட வேண்டும், லைஃப்பாயை (மிதக்கும் உயிர்காப்பு வளையத்தை) எறிய வேண்டும், கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜுக்குச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் வகுப்பிலேயே மனப்பாடம் ஆகிவிடுகிறது. அதை நான் மறுபடி எழுதவில்லை. வகுப்பில் சரியாகச் சொன்ன பிள்ளைகள் டெக்கில் தடுமாறும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கட்டி வைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

200 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள சரக்குக் கப்பலில் குறைந்தது 14 லைஃப்பாய்கள் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பரவலாக, ஒன்றாவது பின்முனைக்கு அருகில். எந்த லைஃப்பாயையும் நிரந்தரமாகக் கட்டி வைக்கக்கூடாது, சட்டென்று எடுத்து எறியும்படி வைக்க வேண்டும் என்று கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் விதி தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் கப்பலுக்குக் கப்பல் கட்டத்தான் செய்கிறார்கள்.

ஒரு சரக்குக் கப்பலில் பயிற்சி நடந்தது. பொம்மையைக் கடலில் போட்டதும் பின் டெக்கில் நின்ற கேடட் சரியாகவே கத்தினான். எந்தப் பக்கம் என்றும் சொன்னான். ஓடிப்போய் லைஃப்பாயைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். பின்னால் குனிந்து பார்த்தால், ஸ்டாண்டோடு சேர்த்து பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கியிருந்தது. கத்தி இல்லை. அடுத்த லைஃப்பாய்க்கு ஓடினான். அதில் நைலான் கயிறு, அதன்மேல் எப்போதோ அடித்த பெயின்ட், முடிச்சு கல்லாக இறுகிக் கிடந்தது. மூன்றாவதை எடுத்து எறிந்தபோது பொம்மை எங்கே என்று பைனாகுலர் வைத்துத் தேட வேண்டியிருந்தது.

14 நாட் வேகத்தில் போகும் கப்பல் நொடிக்கு 7 மீட்டருக்கு மேல் நகர்கிறது. முடிச்சோடு அரை நிமிடம் போராடினால், விழுந்தவன் 200 மீட்டருக்கு அப்பால் போய்விடுவான். அந்தத் தூரத்துக்கு யாராலும் எறிய முடியாது. லைஃப்பாய் அவனுக்குப் பக்கத்தில் விழவேண்டுமென்றால் முதல் சில நொடிகளில் கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். கட்டு அந்த நொடிகளைத்தான் பறிக்கிறது.

ஏன் கட்டினாய் என்று கேட்டால் காரணம் தயாராக இருக்கும். "காத்துல பறந்துடுது சார்." "போர்ட்ல எடுத்துட்டுப் போயிடுறாங்க சார்." "இன்ஸ்பெக்‌ஷனுக்கு நேரா நிக்கணும்னு போசன் சொன்னாரு சார்." (போசன் டெக் ஆட்களின் தலைவர்.) யாரும் கெட்ட எண்ணத்தில் கட்டுவதில்லை, பொறுப்பாக இருப்பதாக நினைத்துத்தான் கட்டுகிறார்கள். அதனால்தான் இந்தத் தவறு இத்தனை வருடம் சாகாமல் இருக்கிறது. காற்றில் விழுகிறதென்றால் பழுது ஸ்டாண்டில் இருக்கிறது. வளைந்திருந்தால் நிமிர்த்துங்கள், துருப்பிடித்துத் தேய்ந்திருந்தால் புதிதாக வெல்டிங் செய்து வையுங்கள். திருட்டுப் பயம் இருந்தால் கப்பலில் ஏறி இறங்கும் கேங்வேயில் காவலைக் கூட்டுங்கள். 'இழுத்தால் அவிழும் முடிச்சுதானே' என்று சமாதானம் சொல்பவர்களையும் நான் ஏற்பதில்லை. உப்புத் தண்ணீரில் நனைந்து வெயிலில் காய்ந்த முடிச்சு, போட்டபோது இருந்ததுபோல இராது.

ஆய்வுக்கு வருபவர் எண்ணிப் பார்ப்பார், கப்பல் பெயரும் துறைமுகப் பெயரும் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பார். ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. அதை நீங்கள் செய்யுங்கள். டெக்கில் நடக்கும்போது ஒரு கையால் லைஃப்பாயைத் தூக்குங்கள். கிளவுஸ் போட்ட கையால், இருட்டிலும் தூக்கிப் பாருங்கள். வரவில்லையென்றால் அங்கேயே நின்று அறுத்துவிட்டு, பிறகு மேலே இருப்பவரிடம் சொல்லுங்கள்.

ஓடும் கப்பலிலிருந்து கயிறு கட்டிய லைஃப்பாயை எறிவது

ஒவ்வொரு பக்கமும் ஒரு லைஃப்பாயிலாவது மிதக்கும் கயிறு இருக்கும். குறைந்தது 30 மீட்டர், உயரமான கப்பலில் அதைவிட நீளம். 'கயிறு இருந்தால் இழுத்துவிடலாமே' என்று புதியவர்கள் முதலில் இதைத்தான் தேடுகிறார்கள். கப்பல் ஓடிக்கொண்டிருந்தால் சில நொடிகளில் கயிறு தீர்ந்து, லைஃப்பாய் விழுந்தவனை விட்டுவிட்டுக் கப்பலோடு இழுபட்டு வரும். அவன் பிடித்திருந்தால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். கயிறு உள்ள லைஃப்பாய் கப்பல் நிற்கும்போதுதான் உதவும்: நங்கூரத்தில், துறைமுகத்தில், அல்லது திரும்பி வந்து ஆளுக்குப் பக்கத்தில் நின்றபின். ஓடும் கப்பலில் விளக்கு உள்ளதை எறியுங்கள். விளக்கும் கயிறும் ஒரே லைஃப்பாயில் இருக்கக்கூடாது என்று விதி பிரித்து வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

கண்ணை எடுப்பது

எறிந்ததும் எல்லோரும் ஓடுகிறார்கள். ஒருவன் போனுக்கு, ஒருவன் போசனைக் கூப்பிட, ஒருவன் இன்னொரு லைஃப்பாய்க்கு. விழுந்தவனைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆளில்லை. அலையில் மனிதத் தலை மிகச் சிறியது, ஒருமுறை கண்ணை விட்டுப் போனால் மறுபடி கிடைப்பது அபூர்வம். முதலில் பார்த்தவன் கையை நீட்டிக் காட்டியபடி அங்கேயே நிற்க வேண்டும். விழுந்தவனிடம் திரும்பி வருவதற்கான வில்லியம்சன் திருப்பத்தில் கப்பல் முதலில் ஒரு பக்கம் 60 டிகிரி திரும்பும், பிறகு சுக்கானை மறுபக்கம் முழுக்கத் திருப்பி வந்த வழிக்கே வரும். அந்தச் சுற்றில் அனுபவசாலிக்கும் திசை குழம்பும். நீட்டிய கை குழம்பக்கூடாது. மற்ற வேலைகளுக்கு வேறு ஆள் வருவார்.

பிரிட்ஜ் விங்கில் கைக்குக் கிடைத்ததை மாட்டுவது

பிரிட்ஜின் இரு பக்கமும் நீண்டிருக்கும் விங்கில் உள்ள லைஃப்பாயில் விளக்கும் ஆரஞ்சுப் புகைக் குப்பியும் இணைந்திருக்கும். ஊசியை இழுத்ததும் லைஃப்பாய் விழும். விழும் கனத்தில்தான் புகைக் குப்பி தாங்கியிலிருந்து பிடுங்கப்பட்டுப் புகையத் தொடங்கும். சாதாரண லைஃப்பாய் 2.5 கிலோ இருந்தாலே விதிக்குப் போதும். இந்த இடத்துக்கு அது போதாது, வழக்கமாக 4 கிலோவோ அதற்கு மேலோ வைப்பார்கள். பழையது விரிசல் விட்டால் ஸ்டோரில் இருக்கும் ஏதோ ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இழுக்கும் நாளில் லைஃப்பாய் அந்தரத்தில் தொங்கும். மாட்டுவதற்கு முன் எடை போடுங்கள். அந்தப் புகை குறைந்தது 15 நிமிடம் வரும், பகலில் அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

விளக்கின் கயிற்றைக் கம்பியில் கட்டுவது

விளக்கு லைஃப்பாயோடு போக வேண்டும். லைஃப்பாயில் கட்டுங்கள்.

பின்னாலேயே குதிப்பது

கூடாது. தேட வேண்டியவர்கள் இருவராகிவிடுவார்கள்.

ஆளின் தலைக்குக் குறிவைப்பது

உயரத்திலிருந்து விழும் லைஃப்பாய் மண்டையை உடைக்கும். பக்கத்தில் போடுங்கள்.

தண்ணீரில் அதன்மேல் ஏறப் பார்ப்பது

இது விழுந்தவருக்கு. பதற்றத்தில் லைஃப்பாய்மேல் ஏறி உட்காரப் பார்ப்பார்கள், அது புரண்டுகொண்டே இருக்கும், பலம் வீணாகும். உங்கள் பக்கத்து விளிம்பைக் கீழே அழுத்துங்கள். எதிர் விளிம்பு நிமிர்ந்து தலைக்கு மேலாக வந்து விழும். பிறகு இரு கைகளையும் வெளியே போட்டுக்கொண்டால் அக்குளுக்குக் கீழே தாங்கும். லைஃப்ஜாக்கெட் போட்டிருந்தால் இதை முயல வேண்டாம். உள்வட்டம் 40 சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும், பாதியில் சிக்கிக்கொள்வீர்கள். சுற்றிலும் உள்ள பிடிகயிற்றில் கையைக் கோத்துக்கொண்டு மிதந்தால் போதும்.

லைஃப்பாயோடு சேர்த்து மேலே தூக்குவது

ஆள் கைக்கெட்டியதும் டெக்கில் நிற்பவர்கள் 'பிடிச்சுக்கோ' என்று கத்தி, கயிற்றை இழுத்துத் தூக்கப் பார்க்கிறார்கள். வெகுநேரம் தண்ணீரில் கிடந்தவனின் விரல்களில் பலம் இருக்காது. தண்ணீரை விட்டு உடம்பு வெளியே வந்ததும் முழு எடையும் அந்த விரல்களில் தொங்கும், பாதி உயரத்தில் நழுவி விழுவான். லைஃப்பாய் மிதக்க வைப்பதற்கு மட்டும்தான். ஏற்றுவதற்கு ரெஸ்க்யூ போட்டை (மீட்புப் படகை) இறக்குங்கள். குளிர்ந்து போனவரை முடிந்தவரை படுத்த நிலையிலேயே தூக்குங்கள். நிமிர்த்தித் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து, கடலில் பிழைத்தவர் டெக்கில் இறந்துபோகலாம்.